டிராகன் குட்டி செயல்திட்டம்: 32 குட்டிகளில் 17-க்குத்தான் கொம்பு, 3:1 ஏன் வரவில்லை?

நாணயம் சுண்டி டிராகன் குட்டிகளுக்குக் கொம்பு உண்டா என்று மாணவர்கள் முடிவு செய்யும் இந்த மரபியல் செயல்திட்டத்தில், கொம்புள்ளவையும் இல்லாதவையும் 3:1 வரவேண்டும். உங்கள் மாணவர்கள் ஒரு குட்டிக்கு ஒரே ஒரு நாணயத்தைச் சுண்டியிருப்பார்கள். அப்படிச் செய்தால் பாதிக்குப் பாதிதான் வரும். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று என இரண்டு நாணயங்கள் வேண்டும். இரண்டிலும் தலைப் பக்கம் ஓங்கு அல்லீல் (கொம்பு தரும் மரபணு வடிவம், ஒன்று இருந்தாலே போதும்), பூப் பக்கம் ஒடுங்கு அல்லீல் (கொம்பு தராத வடிவம்). இரண்டும் பூ விழுந்தால் மட்டுமே கொம்பில்லாத குட்டி.

தற்செயல் என்று விட்டுவிடாதீர்கள். 32-ல் கொம்பில்லாதவை சுமார் 8 வரவேண்டும். 4 முதல் 12 வரை சாதாரணம். உங்களுக்கு வந்த 15 (32 − 17) மிக அதிகம்.

மாணவர்களின் தாளைப் பாருங்கள். ஒவ்வொரு குட்டிக்கும், அல்லீலுக்கு ஒன்றாக, இரண்டு எழுத்து இருக்கிறதா? ஒரே எழுத்து என்றால் மேலே சொன்ன பிழைதான். இரண்டு எழுத்து இருந்தும் ‘ஓஓ’ (இரண்டும் ஓங்கு) ஒன்றுகூட இல்லையென்றால், பெற்றோர் இருவரும் ‘ஓஒ’ என்று இருக்கவேண்டியதில் ஒருவரை ‘ஒஒ’ (இரண்டும் ஒடுங்கு) என்று குறித்துவிட்டார்கள். அந்தக் கலப்பில் 1:1 வருவதே சரி. (தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லாத குறைக்கு ஓங்குக்கு நெடில் ஓ, ஒடுங்குக்குக் குறில் ஒ நன்றாகப் பொருந்தும். கையெழுத்தில் குழம்பினால் சிவப்பு, நீலப் பொட்டு ஒட்டுங்கள்.)

திருத்திச் செய்தாலும் ஒவ்வொரு குழுவின் 4 குட்டிகளில் 3:1 தேடாதீர்கள். வகுப்பு முழுவதையும் கரும்பலகையில் கூட்டுங்கள். 7,324 பட்டாணி விதைகளை எண்ணிய மரபியல் முன்னோடி மெண்டலுக்கே 5,474 உருண்டை, 1,850 சுருங்கியது, அதாவது 2.96:1தான் கிடைத்தது.