வேப்பிலைச் சாறும் வெள்ளித் துகளும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வேப்பிலைச் சாற்றில் சில்வர் நைட்ரேட் கலந்தேன், பழுப்பாகிவிட்டது. நானோ துகள் கிடைத்துவிட்டது என்று புராஜெக்டில் எழுதலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சாற்றிலுள்ள பாலிஃபீனால், ஃபிளேவனாய்டு போன்ற தாவர வேதிப்பொருள்கள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அதை உலோக வெள்ளியாக்குகின்றன. அவையே துகளைச் சுற்றிப் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கின்றன. புனே தேசிய வேதியியல் ஆய்வகக் குழு 2004இல் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு தங்கம், வெள்ளி இரண்டிலும் இதைச் செய்து காட்டியது. ஆனால் இலைச்சாறு வெறுமனே வைத்தாலும் கறுக்கும். அதனால் சாறு மட்டும் உள்ள குடுவை ஒன்றைப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடுங்கள். ஒளி உறிஞ்சலை அளக்கும் யுவி-விசிபிள் கருவியில் 400–450 நானோமீட்டர் அலைநீளத்தில் முகடு வந்தால் நம்பிக்கை வைக்கலாம். அளவையும் வடிவத்தையும் சொல்ல டிஇஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் வேண்டும்.

கேள்வி: எனக்குப் பழுப்பே வரவில்லை. கலந்ததுமே பால் மாதிரி கலங்கிவிட்டது.

பதில்: குழாய்த் தண்ணீரா? அதிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகப் படிந்திருக்கும். காய்ச்சி வடித்த நீரில் மறுபடி செய்யுங்கள். குடுவையையும் அதே நீரில் அலசுங்கள்.

கேள்வி: பாக்டீரியா வளர்த்த தட்டில் துகளை வைத்தேன், சுற்றிலும் பாக்டீரியா வளராத நல்ல பெரிய வளையம் வந்தது. மருந்தாகும் அல்லவா?

பதில்: பலரும் சறுக்கும் இடம் இதுதான். வினையில் மிஞ்சிய சில்வர் நைட்ரேட்டே பாக்டீரியாவைக் கொன்றுவிடும். துகள்களை சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றித் துகளைப் பிரிக்கும் கருவி) சுழற்றி, இரண்டு மூன்று முறை கழுவிய பிறகு சோதியுங்கள். அதே தட்டில் சாறு மட்டும், சில்வர் நைட்ரேட் மட்டும் என இரண்டு வட்டுகளும் இருக்கட்டும். அவை இல்லாமல் வளையத்தின் பெருமை யாருக்கு என்றே தெரியாது. புற்று செல்லைக் கொன்றது என்று எழுதுபவர்களும் சாதாரண செல்லை என்ன செய்தது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தட்டில் கொல்வது எளிது. உடம்புக்குள் கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் இருக்கின்றன.

கேள்வி: விரல் நுனி கறுத்துவிட்டது. போகுமா?

பதில்: போகும். சில்வர் நைட்ரேட் தோலில் பட்டு உலோக வெள்ளியாகிவிட்டது. மேல்தோல் உதிர உதிரக் கறையும் போய்விடும். இனி கையுறை போடுங்கள்.

கேள்வி: இதையே கொஞ்சம் தயாரித்து, சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்குக் கொடுக்கலாமா? இலைச்சாறுதானே?

பதில்: வேண்டவே வேண்டாம். அது இலைச்சாறு இல்லை, வெள்ளி. தொடர்ந்து உட்கொண்டால் தோல் நீலச்சாம்பலாக மாறும் ஆர்ஜீரியா வரலாம். விரல் கறைபோல் அது உதிராது, பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். கூழ்ம வெள்ளி (திரவத்தில் மிதக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்) மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்க முடியாது என அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999இலேயே அறிவித்துவிட்டது. அம்மாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.