ஊசியில் 3, மாத்திரையில் 10: மார்ஃபின் அளவு தப்பா?

கேள்வி: அம்மாவுக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. மருத்துவமனையில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 3 மி.கி. மார்ஃபின் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது 10 மி.கி. மாத்திரை எழுதியிருக்கிறார்கள். மூன்று மடங்கு என்றதும் பயமாக இருக்கிறது. நர்ஸை வரவழைத்து ஊசியே போட்டுக்கொள்ளலாமா? (வாசகி, செம்பூர், மும்பை)

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, எழுதியது சரிதான். விழுங்கிய மார்ஃபின் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. பெரும்பகுதி அங்கேயே சிதைந்து, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். ஊசி மருந்துக்கு அந்த இழப்பு இல்லை.

ஆபத்து மறுபக்கம்தான் இருக்கிறது. மாத்திரைச் சீட்டைப் பார்த்து யாராவது அதே 10-ஐ ஊசியில் ஏற்றினால் மூன்று மடங்கு மருந்து உள்ளே போய்விடும். டிஸ்சார்ஜ் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஊசியா, வாய்வழியா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

விழுங்க முடிகிறவரை மாத்திரையே போதும். வாந்தி நிற்காதபோது, விழுங்க முடியாதபோது, வலியை உடனே அடக்க வேண்டியபோதுதான் ஊசி. அப்போதும் ஒவ்வொரு வேளையும் குத்த வேண்டியதில்லை. தோலுக்கடியில் மெல்லிய ஊசியைப் பொருத்தி அதன் வழியே கொடுப்பார்கள். வலி நிவாரண மருத்துவக் குழுவின் மேற்பார்வையில் வீட்டிலேயே செய்யலாம். தெரிந்த நர்ஸை வைத்து நீங்களாகச் செய்யக் கூடாது.

நீங்கள் கவனிக்க வேண்டியது தூக்கத்தை. மூச்சு குறைவதற்கு முன்னால் மயக்கமான தூக்கம் வரும். முதல் இரண்டு மூன்று நாள் அசதி இருக்கும். கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொன்னால் சரி. உலுக்கியும் எழவில்லை, அல்லது முழு நிமிடம் எண்ணிப் பார்த்து மூச்சு 10-க்குக் கீழே என்றால், அடுத்த வேளையைக் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். மார்ஃபினை முறிக்க நலோக்ஸோன் ஊசி மருத்துவமனையில் இருக்கும். சிறுநீர் குறைந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடம்பில் தேங்கும். டாக்டர் எழுதாத தூக்க மாத்திரை பக்கத்தில்கூட வர வேண்டாம். மலச்சிக்கல் கட்டாயம் வரும், தானாகப் போகாது. மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கொடுங்கள்.

“மார்ஃபின் ஆரம்பித்தால் முடிவு நெருங்கிவிட்டது” என்று உறவினர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் அம்மாக்களைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. இது வலிக்கான மருந்து, அவ்வளவுதான். வலி குறைந்தாலும் சட்டென்று நிறுத்தாதீர்கள். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

அப்புறம், இது தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. 1985 போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வாங்கி வைத்துக் கொடுக்கின்றன. நான்கைந்து நாளைக்கான மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த சீட்டுக்குப் போய்விடுங்கள். வீட்டில் இருப்பதைப் பூட்டி வையுங்கள். மிஞ்சினால் வேறு யாருக்கும் கொடுக்காமல் அதே மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள்.