கடற்கரை ஓவியம்: அண்ணாச்சியிடம் கேளுங்கள்

கே: அண்ணாச்சி, நம்ம திருநெல்வேலி மாவட்டத்து உவரிக் கடற்கரையை வாட்டர்கலரில் வரைகிறேன். அமைதியான காட்சிதான். மணல் மட்டும் உயிரில்லாமல் மஞ்சளாகக் கிடக்கிறது.

ப: நம்ம கரை மணல் வெறும் மஞ்சள் இல்லை தம்பி. அலை திரும்பிப் போன இடத்தில் குனிந்து பாருங்கள். லேசான மணலை அலை வாரிக்கொண்டு போயிருக்கும். கனமான தாதுமணல் தங்கியிருக்கும்: இல்மனைட் கருங்கோடாகவும் கார்னெட் செங்கோடாகவும். முதலில் யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சளைத் தண்ணீராகப் பூசுங்கள். ஈரம் காயுமுன் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரீன் என்ற நீலமும் கலந்த சாம்பல் நிறத்தைக் கரையோடு இணையாக இழுங்கள். ஓரம் தானே கசியும், தொடாதீர்கள். கருப்பு ட்யூபை மட்டும் திறக்கவே வேண்டாம். தாளில் ஓட்டை விழுந்த மாதிரி நிற்கும்.

கே: நுரைக்கு எந்த வெள்ளை?

ப: தாளின் வெள்ளை. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள் வாங்கி, நுரை வருகிற இடத்தை முதலிலேயே பூசாமல் விட்டுவிடுங்கள்.

கே: உவரியில் சூரியன் கடலில் மறைவதாக வரைந்தேன். மாமா தப்பு என்கிறார்.

ப: மாமா சொன்னதுதான் சரி. கன்னியாகுமரியிலிருந்து உவரிக்குக் கரை வடகிழக்காக ஏறுகிறது, கடல் தென்கிழக்கே. உதயம் கடலில், அஸ்தமனம் ஊருக்குப் பின்னால்.

கே: மார்கழியில் இடிந்தகரையில் கடலோரமாக மறைந்ததை நானே பார்த்தேனே!

ப: பார்த்திருப்பீர்கள். மார்கழியில் சூரியன் தென்மேற்கே சாய்ந்து இறங்கும். கரையும் ஏறக்குறைய அதே திசையில்தான் ஓடுகிறது. ஆனியில் போய்ப் பாருங்கள், வடமேற்கே பனைகளுக்குள் போயிருக்கும்.

கே: ஓவியம்தானே அண்ணாச்சி, கற்பனைக்கு இடமில்லையா?

ப: தாராளமாக உண்டு. ஆனால் உவரியின் கப்பல் மாதா கோயிலை ஓரத்தில் வைத்துவிட்டு, வெளிச்சத்தை வேறு ஊரிலிருந்து கொண்டுவந்தால் உள்ளூர்க்காரன் கண்ணுக்கு உடனே உறுத்தும். மாலைதான் வேண்டுமென்றால் சூரியனைப் படத்துக்கு வெளியே விடுங்கள். மேற்கு வெயில் கரையில் ஏற்றிய வள்ளங்களின் பக்கவாட்டில் பட்டு மினுங்கும். எதிரே கடலுக்கு மேல் வானம் இளம் ஊதாவாகும். நம் கரையின் மாலை அமைதி அதில்தான் இருக்கிறது.

கே: வள்ளத்தின் நிழலுக்குக் கருப்பு எடுக்கலாமா?

ப: மேலே சொல்லியாயிற்று. வேண்டாம்.

கே: துளிக் கருப்பு?

ப: துளியும் வேண்டாம்.

கே: ஆயில் பெயிண்டில் இதையே செய்வது எப்படி?

ப: அது என் கை இல்லை. ஆயிலில் வரைகிறவர்களைக் கேளுங்கள்.

கே: வீடு கடலோரம். மாட்டிய படத்தில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை விழுகிறது.

ப: தாள் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், பாருங்கள். நடுவே மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைத்து இடைவெளி விடுங்கள். ஈரம் ஏறும் சுவரில் மாட்டாதீர்கள்.