மதுரை வெயிலில் கார்பன் ஃபைபர் தாங்குமா?

கேள்வி: மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் கான்கிரீட் பீமில் விரிசல் விட்டிருக்கிறது. கார்பன் ஃபைபர் துணியை எபாக்ஸி போட்டு ஒட்டிவிட்டால் போதும், இரும்பைவிட பலம் என்கிறார் கான்ட்ராக்டர். நம்ம ஊர் வெயிலுக்கு அது நிற்குமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: ஃபைபர் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற எபாக்ஸியைப் பற்றித்தான் நீங்கள் கேட்க வேண்டும். கார்பன் இழைக்குக் கத்திரி வெயில் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் எபாக்ஸி ஒரு பாலிமர் (பிளாஸ்டிக் இனத்துப் பொருள்), குறிப்பிட்ட சூடு ஏறியதும் அது உருகாமலே இறுக்கம் விட்டு ரப்பர் பதத்துக்குப் போய்விடும். அந்த வெப்பநிலையைத்தான் டி.ஜி. (Tg) என்கிறார்கள். சைட்டிலேயே கலந்து பூசி, அடுப்பில் வைக்காமல் தானாக இறுகும் எபாக்ஸிக்கு இது பெரும்பாலும் 50 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள்தான் இருக்கும், ஈரம் ஊறினால் இன்னும் இறங்கும்.

காற்று 40 டிகிரி என்றால் பீமும் 40 என்று நினைக்காதீர்கள். நேர் வெயில் படும் கறுப்புப் பரப்பு 60-ஐச் சுலபமாகத் தாண்டும், கார்பன் துணியோ கறுப்பு. எபாக்ஸி தளர்ந்தால் இழை அறுந்துபோகாது, ஆனால் கான்கிரீட்டிலிருந்து சுமையை இழைக்குக் கடத்த ஆள் இல்லாமல் போகும், ஒட்டு நழுவும். அமெரிக்க கான்கிரீட் இன்ஸ்டிட்யூட்டின் 440.2ஆர் வழிகாட்டி, பயன்பாட்டு வெப்பநிலை டி.ஜி.யைவிடக் குறைந்தது 15 டிகிரி கீழே இருக்க வேண்டும் என்கிறது. அதனால் எபாக்ஸியின் டேட்டா ஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) வாங்கி டி.ஜி. எண்ணைப் பாருங்கள். 60 என்று இருந்தால் உங்கள் மாடிக்கு வேண்டாம், வேறு எபாக்ஸி கேளுங்கள். ஒட்டிய பிறகு புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சு கட்டாயம்.

அப்புறம், விரிசல் ஏன் வந்தது? உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே துணி சுற்றுவது வீண் செலவு, ஆபத்தும்கூட. தீப்பிடித்தால் எபாக்ஸி முதலில் போய்விடும், துணி இல்லாமலும் பீம் தொட்டியின் எடையைத் தாங்குமா என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை தொட்டியில் தண்ணீரைக் குறைத்து வையுங்கள்.

கேள்வி: மாட்டுக்கொட்டகைக்குப் போட்ட ஃபைபர் ஷீட் வெளுத்து நார்நாராகத் தெரிகிறது. சூட்டினாலா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: சூடு மட்டும் இல்லை, முக்கியக் காரணம் புற ஊதாக் கதிர். மேலே உள்ள பாலியஸ்டர் பிசினை அது கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கண்ணாடி இழையை வெளியே காட்டிவிடுகிறது, சூடும் மழை ஈரமும் அதை வேகப்படுத்தும். அடுத்த முறை புற ஊதாப் பாதுகாப்புள்ள ஷீட்டாகக் கேட்டு வாங்குங்கள். இப்போது இருக்கிற ஷீட்டைச் சரிபார்க்க யாரையும் மேலே ஏற்றாதீர்கள், கால் வைத்தால் உடைந்து விழும். கீழிருந்து ஏணி போட்டே கழற்றச் சொல்லுங்கள்.