குழந்தைக்குக் காய்ச்சலுடன் உடம்பில் தடிப்பு வந்தால் அது தட்டம்மைதானா?

தடிப்பின் படத்தை இணைத்து, "இது தட்டம்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தில் முதுகு தெரிகிறது. காய்ச்சல் எப்போது தொடங்கியது, தடிப்பு முதலில் எங்கே தோன்றியது என்பவை தெரியவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பதறுகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

என் மகளுக்கு ஒரு வயது நிறையும் முன் கடுங்காய்ச்சல் வந்தது. இருமலோ சளியோ பெரிதாக இல்லை. சில நாட்கள் அனலாய்க் கொதித்த உடம்பு சட்டென்று குளிர்ந்து, அவள் பழையபடி தவழத் தொடங்கிய அன்றுதான் முதுகில் புள்ளிகளைக் கண்டேன். மாநிறத் தோலில் அவை புத்தகப் படங்களைப் போலச் சிவந்து தெரியவில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தால் மட்டுமே புலப்பட்டன. ஆளுக்கொரு நோயின் பெயரைச் சொன்னார்கள். மருத்துவரோ சட்டையைக் கழற்றும் முன்பே, "காய்ச்சல் இருக்கும்போதே வந்ததா, விட்ட பிறகு வந்ததா?" என்று கேட்டார். விட்ட பிறகு என்றதும், பரிசோதித்துவிட்டு, ரோசியோலா என்றார். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வருவது, தானாகவே மறைந்துவிடும்.

தட்டம்மையின் போக்கு வேறு. காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண்சிவப்பு ஆகியவை முதலில் வரும். கன்னத்தின் உட்புறம் பொடி வெண்புள்ளிகள் தோன்றலாம். அதன்பின், காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதே, நெற்றியோரத்திலும் காதுக்குப் பின்னாலும் தொடங்கும் தடிப்பு கீழ்நோக்கிப் பரவும். சின்னம்மையில் புதுப் புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். தொண்டை வலியோடு தோல் உப்புத்தாளைப் போலச் சொரசொரத்தால் அது ஸ்கார்லெட் காய்ச்சலாக இருக்கக்கூடும். அது பாக்டீரியாவால் வருவதால் ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

"இணையத்தில் வைத்தியம் பார்க்காதே" என்று சிலர் பாய்ந்து வருவார்கள். நான் மருத்துவர் அல்ல. மருத்துவரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதையே எழுதுகிறேன்.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். மகளை விட்டுவந்த குழந்தைகள் காப்பகத்தில், புள்ளிகள் முழுவதும் மறைந்து சான்றிதழும் வந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். அதே கூடத்தில் மூக்கொழுகலும் இருமலுமாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. தட்டம்மை தடிப்புக்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே தொற்றும். சின்னம்மை ஓரிரு நாட்கள் முன்பே தொற்றும். கன்னங்கள் அறை வாங்கியதுபோலச் சிவக்கும் பார்வோவைரஸ் நோயிலோ, சிவக்கும் வேளையில் தொற்றுக் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். தோலை மட்டும் பார்த்துக் கதவைச் சாத்துவதில் என்ன தடுப்பு இருக்கிறது?

தடிப்பின் மீது கண்ணாடித் தம்ளரை அழுத்திப் பாருங்கள். காய்ச்சலுள்ள குழந்தைக்கு அழுத்தியும் நிறம் மங்காவிட்டாலோ, மங்கினாலும் குழந்தை துவண்டு கிடந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தட்டம்மை என்ற ஐயம் இருந்தால், புறப்படும் முன் தொலைபேசியில் தெரிவித்துவிடுங்கள். நோயாளி வெளியேறிய பிறகும் அந்த வைரஸ் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். காத்திருப்பு அறையில் தடுப்பூசி போடும் வயதை எட்டாத குழந்தைகளும் இருப்பார்கள்.