வாரம் ஒரு பாடவேளையில் ஊடக அறிவு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் மாணவர்கள் அப்படியே நம்புகிறார்கள். வாரம் ஒரு பாடவேளை ஒதுக்க முடியும். கணினி வசதி போதாது. எப்படிக் கற்பிப்பது?

பதில்: 'பொய்ச் செய்தியின் பத்து அடையாளங்கள்' என்று அட்டை எழுதிச் சுவரில் மாட்டித் தொடங்க வேண்டாம். எழுத்துப்பிழையையும் மங்கலான படத்தையும் வைத்தே பொய்யைப் பிடிக்கப் பழகிய மாணவர், பிழையின்றி நேர்த்தியாகச் செய்யப்பட்ட பொய்யை முன்னைவிட உறுதியாக நம்பிவிடுவார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்று அறிஞர்கள் பலர் இணையதளங்களின் தோற்றத்தைக் கண்டு ஏமாந்தார்கள். தகவல் சரிபார்ப்பவர்களோ அந்தப் பக்கத்திலிருந்து உடனே வெளியேறி, அதை நடத்துவது யார், அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடிச் சரியான முடிவுக்கு வந்தார்கள். ஓராண்டு முழுவதும் நீங்கள் பழக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

முதல் வகுப்புக்கு, 2016 நவம்பரில் பரவிய, புதிய 2000 ரூபாய்த் தாளில், அது இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோளுக்குக் காட்டிக்கொடுக்கும் 'நானோ ஜிபிஎஸ் சிப்' இருக்கிறது என்ற செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் அப்போது சிறு குழந்தைகள் என்பதால், அதை ஆதரித்தோ எதிர்த்தோ வாதிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இராது. அதைக் கரும்பலகையில் எழுதி, 'இது உண்மையானால் முதலில் யார் சொல்லியிருக்க வேண்டும்?' என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கி என்ற பதில் வந்ததும், உங்கள் கைப்பேசியில் வங்கியின் இணையதளத்தைத் திறந்து, அந்தத் தாளின் பாதுகாப்பு அம்சங்களை ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு இழையும் நீர்க்குறியும் வரும், சிப் வராது. அறிவியல் ஆசிரியரும் உடனிருந்தால், ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோளிடமிருந்து சமிக்ஞையைப் பெறுமே தவிர அதற்குத் திருப்பி அனுப்பாது என்பதை விளக்கிவிடலாம். சில தொலைக்காட்சிகளும் அன்று இதை ஒளிபரப்பின என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து, பழைய காணொளிக்குப் புதிய தலைப்பிடும் வழக்கம். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரவிய காணொளிகளில் சில வேறு மாநிலங்களில் எடுக்கப்பட்டவை. அத்தகைய காணொளியின் ஒரு காட்சியைப் படமாக்கி, படத்தைக் கொண்டு இணையத்தில் தேடும் கூகுள் லென்ஸில் இட்டு, அது முன்பு எங்கே வந்தது என்று தேடிக் காட்டுங்கள். எதுவும் கிடைக்கவில்லை என்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்தது; அனுப்பிய மாமா நல்லவர் என்பது செய்திக்குச் சான்றாகாது.

2018 மே மாதத்தில் போளூர் அருகே, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு முதிய பெண்ணை, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்து மக்கள் அடித்தே கொன்றார்கள். பகிர்வதற்கு முன் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்கும் மாணவருக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் அந்தத் தாக்குதலின் காணொளியை ஒருபோதும் காட்டாதீர்கள்.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. பொய்களை மட்டுமே காட்டி வந்தால், ஆண்டு இறுதியில் மாணவர்கள் எதையுமே நம்பாதவர்களாகிவிடுவார்கள். அது நம்பிக்கை மிகுந்திருப்பதைவிடக் கேடானது. ஆகவே ஒவ்வொரு வகுப்பிலும் வியப்பூட்டும் உண்மைச் செய்தி ஒன்றையாவது கலந்து கொடுங்கள்.

தேர்வில் வரையறை கேட்காமல், ஒரு பார்வர்டு செய்தியைக் கொடுத்து, எங்கே தேடினாய், என்ன கண்டாய் என்று எழுதச் சொல்லுங்கள். தேடிய வழியைக் காட்டி 'இன்னும் உறுதியாகவில்லை' என்று முடிக்கும் விடைக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.