களர் நிலத்து நெல்லி: இயற்கை உரத்தால் சத்து கூடுமா?

கேள்வி: திருச்சி மாவட்டம் மணிகண்டம் பக்கம் களர் (கார உப்பு மிகுந்த) நிலத்தில் 8 வயது நெல்லி மரங்கள். 3 வருடமாக ரசாயன உரம் கிடையாது. மரத்துக்கு வருடம் 5 கிலோ கடலைப் புண்ணாக்கு, ஆட்டெரு, மாதம் ஒருமுறை ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் சேர்த்து நொதிக்கவைத்த கரைசல்). காய் பெருத்திருக்கிறது, வெட்டினால் சிலதில் உள்ளே பழுப்பு. வைட்டமின் சி கூடுதல் என்று சொல்லி விற்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் ஐயா. கடலைப் புண்ணாக்கில் சுமார் 7 சதம் தழைச்சத்து (நைட்ரஜன்). 5 கிலோவில் 350 கிராம் ஆயிற்று; ஆட்டெருவில் வருவது தனி. தழைச்சத்து மிஞ்சினால் இலை தழைக்கும், காய் நீர் கோத்துப் பெருத்துவிடும், வைட்டமின் சி குறையவே வாய்ப்பு அதிகம். அது யூரியாவில் வந்ததா, புண்ணாக்கில் வந்ததா என்று மரம் பார்ப்பதில்லை. புண்ணாக்கைப் பாதியாக்குங்கள்.

வைட்டமின் சிக்குச் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) வெயிலும் வேண்டும். சாம்பல்சத்துக்காக அடுப்புச் சாம்பலைக் கொட்டிவிடாதீர்கள். களர் மண்ணில் அது காரத்தை இன்னும் ஏற்றும். உங்கள் பக்கம் வாழைக்குப் பஞ்சமில்லை, தார் வெட்டிய தண்டை நறுக்கி மக்கவைத்துப் போடுங்கள். அடர்ந்த கிளையைக் கவாத்து செய்து வெளிச்சம் விடுங்கள்.

தொழுவுரம், தழையுரத்தின் பெரிய பலன் வேறு இடத்தில் இருக்கிறது. அவை மக்கும்போது வரும் கரிம அமிலங்கள், கார மண்ணில் பூட்டிக் கிடக்கும் துத்தநாகத்தையும் இரும்பையும் ஓரளவு விடுவிக்கும். மர வரிசைகளுக்கு நடுவே தழையுரச் செடியான தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுங்கள். களரையும் தாங்கி வளரும். ஜீவாமிர்தம் ஊற்றுங்கள், ஆனால் உரக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் சத்து சொற்பம்.

புழுத் துளை இல்லாமல் காயின் உள்ளே பழுப்பாக இருந்தால் போரான் குறைபாடாக இருக்கலாம். காய் வளரும்போது 10 லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் போராக்ஸ் (போரான் உள்ள உப்பு) கலந்து, இரண்டு வார இடைவெளியில் 3 முறை தெளிக்கலாம். இயற்கைச் சான்றிதழ் வைத்திருந்தால் முதலில் சான்று தந்த அமைப்பிடம் அனுமதி கேளுங்கள்.

சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணையும் கிணற்று நீரையும் காட்டுங்கள். கார அமில நிலை (pH) 8.5க்கு மேல் என்றால் அவர்கள் சொல்லும் அளவில் ஜிப்சம் இட்டு, ஐப்பசி மழையில் உப்பு வடிய வாய்க்கால் எடுத்துவிடுங்கள். ஜிப்சம் இயற்கை முறைக்கும் ஏற்றதுதான்.

அடுத்த அறுவடையில் ஒரே ரகம், ஒரே முதிர்ச்சியுள்ள காய்களைப் பறித்த அன்றே வைட்டமின் சி அளவு பார்க்க ஆய்வகத்தில் கொடுங்கள். அவர்கள் தரும் அளவை வியாபாரியிடம் காட்டி விலை பேசுங்கள்.